கேரி தீவு வரை ஒரு கிளட்ச்

சனிக்கிழமை காலை ஏழு மணி, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ். “செருப்ப கழட்டிட்டு ஏறுங்க அக்கா. கோவிச்சுக்காதீங்க லா, இந்த வண்டிக்கு மட்டும் அப்படித்தான்” என்றாள் ரெஜினா. கோயம்புத்தூரில் நான் கோயில் வாசலில்தான் செருப்பைக் கழற்றுவேன். கார் வாசலில் கழற்றியது அன்றுதான் முதல் தடவை.

ரெஜினா என் ரயில் சிநேகிதி. வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவள் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, இறங்குவதற்குள் பாதிக் குடும்பக் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். மீதியைக் கேட்கத்தான் கோலாலம்பூர் வந்தேன். வந்த இடத்தில் கதை முழுக்கக் கார்தான். கரும்பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டே இருக்கை. நாற்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்துச் சேர்த்த சொந்தக் காசில் அவளே வாங்கியது.

காரில் இப்போது ஒரு நோய். பழைய கிளட்ச் தேய்ந்துபோக, அதே கிளட்ச் இன்று எங்கும் கிடைக்காததால், வேறொரு கம்பெனி செய்த மாற்று கிளட்சை செராஸில் ஒரு பட்டறையில் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து மிதியை எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜின் கியரை முழுசாக விடுவதில்லை. நின்ற இடத்தில் முதல் கியர் போட்டால் ‘கர்ர்’ என்று பல்லைக் கடிக்கிறது. செராஸ்காரர்கள் திரும்பப் பிரித்துப் பார்த்து எல்லாம் சரி என்றார்கள். கிள்ளானில் இன்னொருவரும் அதையே சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் பழையபடி கர்ர்.

ரெஜினாவின் கணவர் ஸ்டீபன் அதிர்ந்து பேசாத மனிதர். அன்று கிளம்புமுன் பசியாறும்போது தோசையைப் பார்த்தபடியே சொன்னார்: “நாளைக்குப் பத்து மணிக்கு ஷா ஆலாம்லருந்து காரை வாங்க ஆள் வராரு. இன்னிக்கு மூணாவது பெங்கெலும் பாத்துரட்டும். சரியாகலன்னா குடுத்துரலாம்.” பட்டறையை இங்கே பெங்கெல் என்கிறார்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது. போன மாதம் ஃபெடரல் நெடுஞ்சாலை ஏற்றத்தில் கார் நின்றுவிட, பின்னால் வந்த லோரி ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது. அந்த ஒரு முழம் அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

கிள்ளான் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ரெஜினா இன்ஜினை அணைத்து, கியரைப் போட்டு, பிறகு சாவியைத் திருகினாள். கார் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. “இப்படியே எத்தனை நாள் ஓட்டுவாய்?” என்று கேட்டேன். “நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும்” என்றாள்.

எட்டரை மணிக்குக் கிள்ளானில் தேத்தண்ணீர். தே தாரிக் இரண்டு ரிங்கிட் ஐம்பது சென். நுரை நிறைய, இனிப்பு அதைவிட நிறைய. அங்கிருந்து பந்திங் சாலையில் இருபது கிலோமீட்டர் போனால் தெலுக் பங்லிமா காராங். தொழிற்சாலைக் கூரைகளுக்கு நடுவே மணியத்தின் பட்டறை. பழைய கார் என்றால் அவரிடம்தான் போக வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மணியம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “அழகா வச்சிருக்கீங்க அக்கா” என்றார். பிறகு ரெஜினாவின் காலடியில் கிடந்த மேட்டை இரண்டு கையாலும் தூக்கி, கிரீஸ் படாமல் வேலிக் கம்பியில் மாட்டினார். காபி நிறம், மெத்தை மாதிரி தடிமன். என் பக்கத்தில் மெல்லிய பழைய கம்பளம் மட்டும்தான். ரெஜினா வெறுங்காலோடு ஓட்டுகிறவள் என்பதால் ஸ்டீபன் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தேடிப் பிடித்து, தன் கையாலேயே அளவாக வெட்டிப் போட்டதாம். மூன்று வருஷமாகக் கிடக்கிறது.

மணியம் எண்ணெய் அளவு பார்த்தார். அடியில் படுத்துக்கொண்டு ரெஜினாவை மிதிக்கச் சொல்லி, கிளட்சைத் தள்ளும் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். முதல் கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. இருவரும் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்கள். வரும்போது ரெஜினாவின் முகம் வாடியிருந்தது.

“ஒன்னுமே இல்ல அக்கா. நல்லா இருக்கு.”

“இதையேதான் அண்ணே எல்லாரும் சொல்றாங்க.”

மணியம் தலையைச் சொறிந்தார். கூலி வேண்டாம் என்றார். மேட்டைத் தட்டி உதறி, பழைய இடத்தில் ஒரு சுருக்கமில்லாமல் விரித்து, அதன் மேல் தினசரித் தாளையும் மடித்துப் போட்டார். பெரிய சாலை முனையில் நின்று முதல் கியர் போட்டாள் ரெஜினா. கர்ர். கார் அணைந்தது. பின்னால் ஒரு லோரி ஹாரனை அழுத்திப் பிடித்தது. ரெஜினா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தாள்.

ஒருவழியாகக் கிளப்பினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தால் எதிர்ப் பக்கம் திரும்பினாள். “குடுக்கறதுதான் குடுக்கப் போறேன். கடைசியா ஒரு ரவுண்டு கேரி தீவு போய்ட்டு வந்துரலாம் அக்கா. அங்க ரோட்ல கூட்டம் இருக்காது.” சாவு வீட்டுக்குப் போகிறவளுக்குத் துணை போவதுபோல நானும் தலையாட்டினேன்.

பாலம் தாண்டியதும் தீவு. இரண்டு பக்கமும் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை, வரிசை வரிசையாக, அலுக்கிற வரைக்கும். நாங்கள் அலுத்துக்கொள்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை முதலில் நாலு துளி போட்டு முன்னறிவிப்புக் கொடுக்கும். இங்கே அந்த மரியாதையெல்லாம் கிடையாது. துணிக்கூரை ரெஜினாவின் பக்கம் ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் மேட் முழுக்கத் தண்ணீர் குடித்துச் சொதசொதவென்று ஆகிவிட்டது. அவள் ஓரமாக நிறுத்தி, அதை உருவி இருக்கைக்குப் பின்னால் கடாசிவிட்டு ஓட்டினாள்.

மழை விட்டபோது, செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. நின்றோம். டிராக்டர் வழி விட்டதும் ரெஜினா ஏதோ நினைப்பில், இன்ஜினை அணைக்காமலே முதல் கியர் போட்டுக் கிளம்பிவிட்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சத்தம் வரவில்லை.

ஓரம் கட்டினாள். முதல் கியர், ரிவர்ஸ், மறுபடி முதல். ஒரு முனகல்கூட இல்லை. அவள் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு திரும்பிப் பின்னால் கிடந்த மேட்டைப் பார்த்தாள். எடுத்துப் பிழிந்து பழையபடி விரித்து மிதித்தாள். கர்ர். உருவினாள், மிதித்தாள். இல்லை.

“அக்கா, மூணு கடையிலயும் இத எடுத்து வச்சிட்டுத்தான் பாத்தாங்க.”

மணியத்துக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு. “அழுக்காகக் கூடாதுன்னுதானே அக்கா எடுக்கறது. உங்க பழைய கிளட்ச் முக்கால்வாசி மிதிச்சாலே விட்டுருக்கும், மேட் இருந்தாலும் தெரியாது. இந்தப் புது செட்டுக்குக் கடைசி வரைக்கும் மிதி இறங்கணும். அந்த மேட் இறங்க விடல. அவ்வளவுதான் லா.” வேலிக் கம்பியில் மாட்டி, தட்டி, விரித்துக் கொடுத்த நோய். ரெஜினா சிரித்துக்கொண்டே அழுதாள். பக்கத்தில் யாரும் இல்லாததால் நானும் கொஞ்சம் அழுதேன்.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கு வர வேண்டும் என்று இருவருமே ஆசைப்பட்டோம். சிவப்பாகாத விளக்கிலும்கூட ரெஜினா மெதுவாகத்தான் போனாள்.

நாலு மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ். ஸ்டீபன் வாசலில் நின்றார். “சரியாச்சா?” ரெஜினா ஈர மேட்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குக் கால் சுடக் கூடாதுன்னுதான் தடிமனா வாங்குனேன்.”

“தெரியும். அதனாலதான் மூணு வருஷமா எடுக்கல.”

அவர் உள்ளே போய்ப் போனை எடுத்தார். ஷா ஆலாம்காரரிடம் பத்து மணிக்கு வர வேண்டாம் என்று சொல்வது வாசல் வரை கேட்டது.

திங்கட்கிழமை கிளம்பினேன். விமான நிலையத்துக்கு ரயில் ஏறும் நிலையம் நடக்கிற தூரம்தான். ரெஜினா கேட்கவில்லை, காரில்தான் கொண்டுபோய் விடுவேன் என்றாள். என் பெட்டி என் மடியில். போகிற வழியில் என் ஊரை நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் மெக்கானிக்காக இருந்தால் கிரீஸ் காலோடு அந்த மேட் மேலேயே ஏறி உட்கார்ந்து, முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். நாமும் மேட் பாழாகிவிட்டது என்று அவரைத் திட்டிவிட்டு வந்திருப்போம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று வீட்டை விட்டு இறங்கும்போது மேட் காய்ந்து வாசற்படியில் கிடந்தது. ஸ்டீபன் அதில் ஒருமுறைக்கு இரண்டுமுறை காலைத் துடைத்துக்கொண்டு என்னை வழியனுப்பினார். ரெஜினா புதுக் கான்வாஸ் சப்பாத்து போட்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலமே அவர் வாங்கி வந்ததாம். நான் பழக்கதோஷத்தில் கார் அருகே செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

“போட்டுட்டே ஏறுங்க அக்கா” என்றாள்.