ஓங்கலின் கை

பிரீனா டீச்சர் ஞாயிறு காலையில் பங்குக் கோயிலில் மறைக்கல்வி எடுப்பாள். கடவுள் மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கிய கதையை அவள் சொன்னால் வாலுப் பிள்ளைகளும் வாயடைத்துக் கேட்கும். திங்கட்கிழமை அதே பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் பரிணாமம் நடத்துவாள். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டமாட்டாள். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் எனக்கு அவளிடம் பிடித்ததே இந்தப் பிடிவாதம்தான்.

தலைமையாசிரியர் ஆன்ட்ரூஸ் சாருக்கு அதுதான் பிடிக்காது. "சயின்ஸ் பீரியடுல பாதி நேரம் பைபிள் தொடக்கநூலயும் நடத்துங்க டீச்சர். பிள்ளையளே தீர்மானிக்கட்டும்" என்பார்.

"அது ஞாயித்துக்கெழம பாடம் சார்" என்பாள் இவள்.

ஒருநாள், செத்துக் கரையொதுங்கிய ஓங்கல் ஒன்றின் துடுப்பு எலும்புகளைக் கழுவி, தட்டில் மணல் பரப்பி அடுக்கிக் கொண்டுவந்தாள். டால்பினைத்தான் எங்கள் கரையில் ஓங்கல் என்போம். சதை இருந்தவரை அது துடுப்பு. சதை போனதும் மணிக்கட்டு, உள்ளங்கை, ஐந்து விரல் என்று மனிதக் கையாகக் கிடந்தது. "நமக்கும் இதுக்கும் மூதாதை ஒண்ணுதான்" என்று அவள் சொன்னதும் ஜெமி எழுந்து வந்து தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மீன்பிடிக்கப் போய் ஒக்கிப் புயலில் சிக்கிய அவள் அப்பாவின் உடல் கிடைக்கவேயில்லை.

"டீச்சர், இது அப்பாவா?"

மறுநாள் ஆய்வகத்தில் அந்த எலும்பு விரலில் ஒரு மோதிரம் இருந்தது. ஜெமியின் அம்மா டெல்சியின் கல்யாண மோதிரம். பள்ளியைப் பெருக்குவது அவள்தான், சாவியும் அவளிடம்தான். அதன்பின் தினமும் தட்டின் முன் நின்று தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள். ஜெமிக்குக் காய்ச்சல் என்பாள், கூரை ஒழுகுது என்பாள். நடுநடுவே பதிலுக்காக நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தைக் கேட்டு நான் பயந்துபோனேன்.

"நீங்க சொன்ன மூதாதைதான் இவளப் பிடிச்சிருக்கு" என்றார் ஆன்ட்ரூஸ் சார். "கடவுள் மனுசன தனியாப் படைச்சாரு, இது வெறும் மீனுன்னு வகுப்புல ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ தெளிஞ்சிருவா."

சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கே தோன்றியது. பிரீனா ஒப்பவில்லை. "மீன் இல்ல சார். பொய் சொல்லி அவங்கள எப்பிடித் தேத்துவேன்?"

எங்கள் முன்னாலேயே டெல்சியைத் தட்டருகே அழைத்தாள். "அக்கா, நம்ம ஆள்காட்டி விரல்ல எலும்பு மூணுதான். இதுல எண்ணிப் பாருங்க."

டெல்சி தொட்டுத் தொட்டு எண்ணினாள். மூன்றாவதில் நிறுத்தி, மிச்சத்தை மணலால் மூடினாள். "மூணுதான் டீச்சர். அவருக்கும் மூணுதான்."

பிரீனா மணலை விலக்கி, டெல்சியின் விரலைப் பிடித்து அடுத்த எலும்பில் வைத்தாள்.

"நாலு" என்றாள் டெல்சி. பிறகு தானாகவே ஏழுவரை போனாள். மோதிரத்தைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"அப்ப அவரு எங்க டீச்சர்?"

"தெரியல அக்கா" என்றாள் பிரீனா.