இறக்கியவள் தைத்த ஜோடி

குத்தூசி தோலுக்குள் இறங்கியது. முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் வலது கை அதை உருவியது. இடது கை மெழுகு நூலை அந்தத் துளைக்குள் விட்டது. இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் இழுக்க, நூல் முனகிக்கொண்டே இறுகியது. கட்டை அச்சின் மேல் கவிழ்ந்து கிடந்த ஷூ ஆணுடையது. அகலமான பாதம், பெருவிரல் பக்கம் ஒரு புடைப்பு.

"மெதுவா இழு அக்கா. தலைவர் கழுத்துன்னு நெனச்சு இழுக்கிறியா?" என்றார் அடுத்த பெஞ்சில் சோல் ஒட்டிக்கொண்டிருந்த ஒட்டுக்காரர்.

"கழுத்தா இருந்தா இவ்வளவு மெழுகு பூசியிருக்க மாட்டேன்."

பட்டறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த துளைக்கு இடம் பார்த்தாள்.

அந்தப் பட்டறைக்கு முதலாளி கிடையாது. வேலை செய்கிறவர்களே பங்குதாரர்கள். அவர்கள் ஏழு பேரை நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். குழு தனக்குள் ஒருவரைத் தலைவராக உட்கார வைக்கும். இந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு வழக்கங்களை விட்டுப் போயிருந்தார்கள். யார் வேலையில் குறை சொன்னாலும், குறைப்பட்ட செருப்பு கூட்டத்து மேஜைக்கு வர வேண்டும். செருப்பைப் பார்க்காமல் ஆளுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது ஒன்று. பதவி விலகும் தலைவருக்கு ஒரு ஜோடி ஷூ தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. தானாக விலகினால் பட்டறையே சேர்ந்து தைக்கும். இறக்கப்பட்டால், இறக்கச் சொன்ன உறுப்பினரே தன் கையால் தைக்க வேண்டும். ஆத்திரத்தில் கை தூக்கிவிடலாம், ஆத்திரத்தில் ஒரு ஜோடி தைக்க முடியாது என்று நினைத்தார்களோ என்னவோ. அதுவரை அப்படி ஒரு ஜோடி தைக்கப்பட்டதே இல்லை.

வெளியே ஒருவருக்குச் செருப்பைக் கொடுத்தால் அதற்கு அர்த்தமே வேறு. பட்டறைக்குள் அது மரியாதை. இந்த முறை இரண்டும்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தலைவருக்குப் பட்டறை வைத்த பெயர் பாலிஷ். திட்டினால்கூடத் தடவிக் கொடுப்பது போலத்தான் இருக்கும். அவளுக்கு வைத்த பெயர் கேள்வியக்கா. அந்தப் பெயர் வந்ததற்கு அவள் அண்ணன்தான் காரணம்.

அண்ணன் தோல் வெட்டுகிறவர். ஒரு முறை கிடங்குத் தொழிலாளர்களுக்காகச் செய்த பூட்ஸ் மொத்தமும் மடிப்பில் கிழிந்து திரும்பி வந்தது. வெட்டும்போதே அவர் சொல்லியிருந்தார், "தலைவரே, இது மேல்தோல் இல்ல. அடியில உரிச்ச தோலுக்குச் சாயம் பூசிக் கொடுத்திருக்காங்க." பாலிஷ் அவர் தோளில் கை போட்டுச் சொன்னது, "வெட்டு, பேசாதே." தோல் விற்றவர் பாலிஷின் மச்சான். கூட்டம் நடந்தது. மேஜைக்கு ஒரு பூட்ஸும் வரவில்லை. வெட்டு சரியில்லை என்று பாலிஷ் சொன்னார், ஆறு பேரும் கை தூக்கினார்கள். டீ ஆறுவதற்குள் அண்ணனின் பிழைப்பு போயிற்று. திரும்பி வந்த குவியலிலிருந்து ஒற்றைப் பூட்ஸை எடுத்துக்கொண்டு கூட்டத்து அறை வாசலுக்குப் போனார் அவர். "முடிஞ்ச விஷயம்ப்பா" என்று கதவைச் சாத்தினார் பாலிஷ். அதன் பிறகு அண்ணன் மூட்டை தூக்கினார், கத்தியைத் தொடவில்லை. அந்த ஒற்றைப் பூட்ஸ் மட்டும் அவர் கட்டிலுக்கடியில் கிடந்தது.

பழி வாங்கத்தான் அவள் குழுவுக்கு நின்றாள். அதை மறைக்கவும் இல்லை. "எதுக்கு நிக்கிற?" என்று கேட்டவர்களிடம், "அந்த ஆறு பேரும் கேக்காததைக் கேக்க" என்றாள். ஜெயித்து உள்ளே போன பிறகுதான், பழி வாங்க வந்தவளுக்கு அங்கே எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தது. கூட்டத்துக்கு வரும் காகிதங்களை முந்தின நாளே வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லப் பழகினாள். அதைச் சொல்லச் சொல்ல, மற்றவர்களுக்கும் புரிந்திருக்கவில்லை என்பது வெளியே வந்தது. தோல் வாங்கும் பேச்சு வரும்போதெல்லாம், "மாதிரித் துண்டைக் காட்டுங்க தலைவரே" என்றாள். "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்மா" என்பார் அவர். பெரும்பான்மை அவர் பக்கம் போகும். தன் மறுப்பைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்து வருவாள்.

வந்த பிறகு வாயைத் திறக்க மாட்டாள். குழு முடிவு செய்துவிட்டால் அது தன் முடிவும்தான். உள்ளே சண்டை, வெளியே ஊர்வம்பு என்று இரண்டு கடை நடத்தக் கூடாது என்று தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். ஊர்வம்பு பேசியவளின் கேள்விக்கு உள்ளே மதிப்பிருக்காது என்பது அவள் கணக்கு. அதை அண்ணனால்தான் பொறுக்க முடியவில்லை.

"உள்ளே போய்க் கத்துற, வெளியே வந்து வாயைத் தச்சுக்கிற. நீ எந்தப் பக்கம்டி?"

"உன் பக்கம்தான்ண்ணே."

"என் பக்கம் இருக்கிறவ அவன்கூட ஒரே மேஜையில டீ குடிக்கிறா!"

"அந்த டீயில சர்க்கரை போட்டுக்கிறதில்ல" என்பாள். அண்ணி வாயைப் பொத்திச் சிரிப்பாள். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் பூட்ஸ் மறுபடியும் கிழிந்து திரும்பி வந்தது. அதே மடிப்பு, அதே கிழிசல். இந்த முறை வெட்டியவர் பாலிஷின் மாப்பிள்ளை. அண்ணன் இருந்த பெஞ்சில் பாலிஷே கொண்டுவந்து உட்கார வைத்தவர்.

குழுவில் இருந்த ஒட்டுக்காரருக்குத் தலைவர் நாற்காலி மேல் நெடுநாளாகவே ஒரு கண். "பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு அக்கா" என்றார். "மூணு பேர் தயார். நீயும் கையைத் தூக்கினா மாப்பிள்ளைக்கு வேலை போயிடும். உன் அண்ணனுக்கு அவங்க என்ன செஞ்சாங்களோ, அதே. பேச்சே வேண்டாம்."

அவளுக்கு அது தித்தித்தது. அதே. பேச்சே வேண்டாம். அந்த வார்த்தைகளைப் பகல் முழுக்க மிட்டாய் போல ஒதுக்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் பாலிஷ் வீடு தேடி வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"அம்மா, நீ என் மேல கோவமா இருக்கே. நியாயம். ஆனா என் பொண்ணு முழுகாம இருக்கா. மாப்பிள்ளை வேலை போச்சுன்னா..."

"எங்க அண்ணி அப்போ முழுகாமதான் இருந்தாங்க" என்றாள் அவள். "நீங்க கேக்கல. யாரும் கேக்கல."

அவர் ஒரு படி கீழே இறங்கினார்.

"நாளைக்கு மாப்பிள்ளை விஷயம் எடுக்கும்போது நீங்க வெளியே போயிடணும் தலைவரே. சொந்தக்காரங்க விஷயத்துல உள்ளே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். என் ஓட்டை வாசல்ல வச்சுப் பேசறதில்ல."

உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், அவர் போனதும் கேட்டார். "தூக்கிடுவ இல்ல, கையை?"

அவள் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து அந்த ஒற்றைப் பூட்ஸை இழுத்தாள், தூசியைத் தட்டினாள்.

மறுநாள் பாலிஷ் வெளியே போனார். கதவு சாத்தியதும் ஒட்டுக்காரர், "நேரத்தை வீணாக்க வேண்டாம், ஓட்டுக்கு விடலாம்" என்று கையைப் பாதி தூக்கிவிட்டார்.

"பூட்ஸ் எங்கே?" என்றாள் அவள்.

"அட, கிழிஞ்சதுதான் எல்லாருக்கும் தெரியுமே!"

"அப்பவும் தெரியும்னுதான் சொன்னீங்க. மேஜைக்கு வரட்டும்."

செயலாளர் போய் ஒன்றை எடுத்து வந்து கிழிந்த இடத்தைக் கத்தியால் பிளந்தார். மேலே சாயம் ஏடாக உரிந்து வந்தது. அடியில் பஞ்சு போல நார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தோலிலேயே வளர்ந்தவர்கள். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

"வெட்டும்போது தெரியலையாப்பா?" என்று கேட்டாள் அவள்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "தெரிஞ்சுது அக்கா. மாமாகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"வெட்டு, பேசாதேன்னார்."

அவள் நிதானமாகப் பைக்குள் கை விட்டு அந்தப் பழைய பூட்ஸை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தாள். "இதுவும் அன்னைக்கே இந்த மேஜைக்கு வந்திருக்கணும். இதையும் பிளந்து பாருங்க. இது என் அண்ணன் விஷயம், அதனால ஓட்டு முடியற வரைக்கும் நான் வெளியே இருக்கேன்."

மாடிப்படியில் பாலிஷ் உட்கார்ந்திருந்தார். வேறு இடம் இல்லாததால் அவளும் அதே படியில், அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

"உன்னை எதுக்கு வெளியே அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல, நானா வந்தேன். உங்க மாப்பிள்ளைக்காக நீங்க வெளியே, என் அண்ணனுக்காக நான் வெளியே."

"அது முடிஞ்ச விஷயமாச்சேம்மா."

"நீங்க முடிச்ச விஷயம். அன்னைக்கு நீங்க உள்ளேதானே உக்காந்திருந்தீங்க? தோல் உங்க மச்சானோடது. இந்தப் படி அன்னைக்கும் இங்கேதானே இருந்துச்சு?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மாப்பிள்ளையை விட்டுடச் சொல்லும்மா. உன் காலைப் பிடிக்கிறேன்."

"அவர் தப்பிச்சிடுவார், கவலைப்படாதீங்க. அவர் தப்பிச்சாத்தானே அடுத்தது யாருன்னு கேக்க முடியும்?"

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். ருசித்தாள் என்றே சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் சர்க்கரை போடாமல் டீ குடித்தவள்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு வெட்டுக்காரர்கள் மேலும் குற்றமில்லை, தோல்தான் குற்றம் என்று முடிவாகியிருந்தது. பழைய தீர்மானத்தை அடித்துவிட்டிருந்தார்கள். இனி தோலை வாங்கியவர் இருக்கிறார். அதை யார் வாயெடுத்துச் சொல்வது? சொன்னவரே தைக்க வேண்டுமே! செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். ஒட்டுக்காரர் மின்விசிறியை அன்றுதான் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மூணு பேர் தயார்னீங்களே?" என்றாள் அவரிடம்.

"எனக்கு ஒட்டத்தான் தெரியும் அக்கா. தைக்கத் தெரியாதே!"

அவள் எழுந்து நின்றாள். "மச்சான்கிட்ட மாதிரி பாக்காம தோல் வாங்கினதுக்கும், அதைக் குழுகிட்ட மறைச்சதுக்கும், தலைவர் இறங்கணும்னு நான் தீர்மானம் கொண்டு வரேன். தைக்கிறதும் நானே."

இப்போது ஒட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். "ஒண்ணுதான் கணக்கு" என்றார் செயலாளர்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணன் எழுந்து பரணில் துணி சுற்றிக் கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார்.

"அவர் கால் அளவு எடுக்கணும்ண்ணே" என்றாள்.

"எதுக்கு? இத்தனை வருஷம் என் கழுத்து மேல இருந்த கால்தானே. எனக்குத் தெரியாதா?"

மறுநாள் பட்டறைக்கு வந்தார். மாப்பிள்ளை எழுந்து பெஞ்சில் பாதியை விட்டுக் கொடுத்தார். இருந்ததிலேயே நல்ல மேல்தோலை விரித்து, முதுகுப் பக்கமாகப் பார்த்து, ஒரே இழுப்பில் வெட்டினார் அண்ணன். கத்தி எங்கும் தயங்கவில்லை.

அதைத்தான் அவள் இப்போது தைத்துக்கொண்டிருந்தாள். கடைசித் தையலை இறுக்கி முடிச்சுப் போட்டு, நூலைக் கடித்துத் துப்பினாள். அச்சிலிருந்து ஷூவை உருவினாள். மெழுகைத் துடைத்தாள். பாலிஷ் போடவில்லை.

வேலை நின்றது. இறங்கும் தலைவர் எல்லோர் முன்னாலும் அந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு வாசல் வரை நடக்க வேண்டும். பாலிஷ் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கிழிஞ்ச தோலாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார் மெல்ல.

"கிழிஞ்சுதுன்னா தூக்கிப் போட்டுட்டு மறந்துடுவீங்க. இது கிழியாது தலைவரே. தினமும் காலையில குனிஞ்சு நாடா கட்டும்போது எங்க ஞாபகம் வரும்."

பெஞ்சிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையாலும் ஜோடியை நீட்டினாள். பாலிஷ் குனிந்து வாங்கிக்கொண்டார்.