சட்டையைத் தூக்கிக் காட்டு

இலவசத் தொப்பியை வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே அந்த ஆள் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நந்தம்பாக்கம் கண்காட்சியில் எங்கள் சோலார் பம்ப் ஸ்டாலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தொப்பிக்காகத்தான் வந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்டவர்கள்கூட, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி இன்னொன்று கேட்டு வாங்கிப் போனார்கள். உகாண்டாவிலிருந்து வந்திருந்த இந்த மனிதர் மட்டும் தொப்பியை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, பம்பின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். விலையைச் சொன்னோம். சரி என்றார். குறைத்துக் கேட்கவே இல்லை. பேரம் பேசாதவன் பணம் கொடுக்கிற எண்ணம் இல்லாதவன் என்பது என் கணக்கு. என் வீட்டுக்காரருக்கு அப்படியெல்லாம் தோன்றாது. அவருக்கு யார் மேலும் எதுவும் தோன்றாது. அதனால் எங்கள் குடும்பத்தில் சந்தேகப்படுகிற வேலை முழுவதும் என் தலையில்தான்.

எங்களுக்குத் திருமழிசையில் ஒரு சின்ன ஷெட். அம்பத்தூர் எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் வீட்டுக்காரர், வேலையை விட்டு வந்து தனியாகத் தொடங்கியது. பேனலும் மோட்டாரும் வெளியே வாங்குவோம். ஸ்டாண்டு, கன்ட்ரோலர் பெட்டி, வயரிங் எல்லாம் அவர் கை. பில்லும் போனும் நான். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி சோலார் போட ஆரம்பித்தபோது நமக்கு நல்ல காலம் என்று நினைத்தோம். பெரிய கம்பெனிகள் வந்து வேலையை மொத்தமாக அள்ளிக்கொண்டன. எங்களைக் கூப்பிட்டு, அவர்கள் பேனலுக்குப் போல்ட் முறுக்கச் சொன்னார்கள். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையில்தான் கண்காட்சிக்கே போனோம்.

மறுநாள் அந்த ஆள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பம்ப் வாங்க வந்தவருக்கு வீடு எதற்கு? கார் அனுப்புகிறோம் என்றோம், அதுவும் வேண்டாமாம். எலக்ட்ரிக் டிரெயினில் அண்ணனூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். நான் மீன் கழுவிய கையோடு கதவைத் திறந்தேன். எதிர்ச் சுவரோரம் நின்று எங்கள் கேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்து கதவு எண்ணை எடுத்தார். ஈ.பி. மீட்டர் பெட்டியை எடுத்தார். நான் முறைத்தேன். முறைத்ததையும் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். ஞாபகத்துக்கு என்றார். ஈ.பி. மீட்டரில் ஞாபகம் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஜெபத்துக்கும் வந்தார். பாட்டு ஒரு வரி புரியாமல், கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார். சபையில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. நான் மட்டும் கண்ணை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் உட்கார்ந்து பேசியபோது பம்பைப் பற்றிக் கேட்டதைவிட என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். சொந்த வீடா, வாடகையா? எத்தனை வருடமாக இதே தெரு? பிள்ளைகள் எங்கே? உடம்புக்கு ஏதாவது உண்டா? ரத்த வகை என்ன? கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். முதல் பம்பை இவரே அங்கே வந்து, தன் கையால் போட்டுக் கொடுக்க வேண்டும். வேறு ஆளை அனுப்பக் கூடாது. அது ஓடினால் மற்ற ஊர்களுக்கும் ஆர்டர்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்.

"யோவ், பம்பு வாங்க வந்தவனுக்கு உன் ரத்தம் இன்னாத்துக்குய்யா?"

"ஆஸ்பத்திரி தூரமாம்மே. எதுனா ஆச்சின்னா தெரிஞ்சிருக்கணும்ல."

"அதான் நானும் சொல்றேன். எதுனா ஆவும்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிகீது."

கிட்னி என்று வாய்விட்டுச் சொன்னது நான்தான். வெளிநாட்டு வேலை என்று கூட்டிப்போய் அறையில் பூட்டி வைத்த கதைகள் என் வாட்ஸாப்பில் வாரம் ஒன்று வரும். அதில் பாதி பொய் என்று எனக்கும் தெரியும். மீதிப் பாதி என்னவாம்? அந்த ஆள் கொடுத்த கார்டில் இருந்த கடையைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன். ஒரு நீல நிற ஷட்டர், மேலே ஒரு போன் நம்பர். ஷட்டர் முன்னால் ஓர் ஆள்கூட இல்லை.

"இந்த வயசுல என் கிட்னிய எடுத்துகினு போய் அவன் இன்னா பண்ணப் போறான்?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஊரான் ஊட்டு மாடில போல்ட் முறுக்கிகினு கீறேன். இத நீயா செஞ்சன்னு ஒருத்தன் கேட்டதில்ல. இவன் ஒருத்தன்தான் செஞ்ச ஆளே வரணும்ன்றான். போய்ட்டு வந்துடறேன்மே."

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கூடவே, இந்த முகத்தை வைத்துத்தான் அவன் இவரைப் பிடித்திருக்கிறான் என்று கோபமும் வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் கேட்பதாக இல்லை. கிண்டிக்குப் போய், அந்த நாட்டுக்குப் போகக் கட்டாயமான மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டார். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். தினமும் வீடியோவில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் சட்டையைத் தூக்கி, இரண்டு பக்க இடுப்பையும் காட்ட வேண்டும். தையல் இருக்கிறதா என்று நான் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

அங்கே போய் இறங்கியதும், கம்பாலா ஓட்டலிலிருந்து ஒழுங்காகக் காட்டினார். தலையில் அடித்துக்கொண்டே காட்டினார். ஒருநாள் அந்த ஆள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? என் சம்சாரம் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று அப்படியே சொல்லிவிட்டார். எனக்கு மானம் போனது. ஆனால் அந்த ஆள் சிரிக்கவில்லை. யோசனையாகத் தலையை ஆட்டினார். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு பம்பை ஏற்றிக்கொண்டு இருவரும் உள்நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் புறப்பட்டார்கள். அன்றோடு போன் நின்றுவிட்டது. இவர் நம்பர் அடிக்கவில்லை. அந்த ஆளின் நம்பரும் அடிக்கவில்லை. ஒருநாள் பொறுத்தேன். மறுநாளும் இல்லை. ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தால் அவர் கழற்றிப் போட்ட கையுறைதான் கண்ணில் பட்டது. நாமே ஊசி போட்டு, பெட்டி கட்டி அனுப்பி வைத்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்கு மேல் பொறுக்க முடியாமல், நீல ஷட்டருக்கு மேலே இருந்த நம்பருக்கு அடித்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் புருஷன் எங்கே என்று கேட்டேன். நீ யார் என்றாள். சென்னையில் பம்ப் செய்துகொடுத்தவரின் மனைவி என்றேன்.

"உனக்குப் போன் பண்ண நம்பர் தேடிக்கொண்டிருந்தேன்" என்றாள். "என் புருஷன் எங்கே?"

"உன் புருஷனை என் புருஷன் என்ன செய்யப் போகிறார்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன். தெரியாத ஆளோடு தனியாகப் போகாதே என்று அப்போதே சொன்னேன். உங்கள் நாட்டுச் சினிமாக்களை நானும் பார்த்திருக்கிறேன்."

சண்டைக்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: "கதவில் நின்று முறைக்கிற பொம்பளை நீதானே?"

அந்தப் போட்டோ அவர்கள் கடைச் சுவரில் இருந்ததாம். கேட், கதவு எண், மீட்டர் பெட்டி, நான், எல்லாம் வரிசையாக. முன்பு வேறு ஒரு கம்பெனியிடம் பம்ப் வாங்கி அதே கிராமத்தில் போட்டிருக்கிறார் அவள் புருஷன். கொஞ்ச நாளில் அது நின்றுபோனது. விற்றவர்கள் போனை எடுக்கவில்லை. கொடுத்த விலாசத்தில் அப்படி ஓர் ஆபீஸே இல்லை. ஊர்க்காரர்கள் அவரைப் போகவிடாமல் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்த முறை செய்தவனையே நேரில் கொண்டுவந்து ஊர் முன்னால் நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஓடிப்போனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று பார்த்து வரத்தான் கார் வேண்டாம் என்று அண்ணனூரில் இறங்கி நடந்து வந்திருக்கிறார்.

"அப்படியென்றால், தண்ணீர் வராவிட்டால்?" என்றேன்.

"இரண்டு பேரையும் விட மாட்டார்கள்" என்றாள்.

இருவரும் போனை வைக்கவில்லை. அங்கே ஒரு குழந்தை அழுதது. இங்கே ஷெட்டு வாசலில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. யாருக்கு முதலில் செய்தி வந்தாலும் மற்றவளுக்குச் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்தோம்.

மறுநாள் மத்தியானம் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது வீடியோ வந்தது. படம் விட்டுவிட்டு வந்தது. என் வீட்டுக்காரர் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். பின்னால், மேட்டுக்குக் கீழே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. குழாயைச் சுற்றிலும் குடங்களோடு பெண்கள், கத்துகிற பிள்ளைகள்.

"வந்துச்சிமே! தண்ணி வந்துச்சி! இங்க டவரே இல்ல, மேடு ஏறித்தான் பேசணும். தண்ணி வராம எவனையும் ஏற உடமாட்டேன்னுட்டாங்க. கன்ட்ரோலர்ல ஒரு வயரு லூசு, நானே பிரிச்சி நானே மாட்டினேன்..."

"சட்டையத் தூக்குய்யா" என்றேன்.

தூக்கினார். இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. என் கண்ணில் தண்ணீர் வந்து படம் மங்கிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால், பக்கத்தில் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார். அவரும் தன் சட்டையைத் தூக்கினார். இந்தப் பக்கம் காட்டினார், திரும்பி அந்தப் பக்கம் காட்டினார்.

"என் போனில் சார்ஜ் இல்லை. கடைக்கு அடித்து என் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள்" என்றார்.

உடனே நீல ஷட்டர் கடைக்கு அடித்தேன். தண்ணீர் வந்துவிட்டது, இருவரும் முழுசாக இருக்கிறார்கள் என்றேன். அவள் மூச்சை இழுத்து விட்டது இங்கே கேட்டது. நீயே கண்ணால் பார்த்தாயா என்றாள். பார்த்தேன் என்றேன். இரண்டு பக்கமும்? இரண்டு பக்கமும்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, போட்டோ இருந்தால் அனுப்பு என்றாள். சந்தேகப்பட ஓர் ஆள் இருக்கிற இந்த வீட்டோடு வியாபாரம் செய்யலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.