யானைக்காக விட்டுவச்ச சத்தம்

எங்க ஜீப் வர்றது ரெண்டு வளைவுக்கு முன்னாலயே கேக்கும். பந்தலூர் பக்கத்து எஸ்டேட் ரோட்டுல ஓடுற வண்டிக்கு அதுதான் மரியாதைன்னு நாங்க நினைச்சிருந்தோம். ஸ்பிரிங் பட்டை வண்டியோட சேர்ற இடத்துல ரப்பர் புஷ் இருக்கும். அது தேஞ்சுட்டா இரும்பும் இரும்பும் மோதிக்கிட்டு டமார் டமார்னு அடிக்கும். மத்த ஊர்க்காரன் உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போவான். நாங்க போகமாட்டோம். எங்க ஸ்டாண்டுல ஏழு டிரைவருங்க சேந்து ஒரு விஞ்ஞானம் கண்டுபிடிச்சு வச்சிருந்தோம். சத்தம் கேட்டா யானை ரோட்டை விட்டு ஒதுங்கிரும். புஷ் மாத்தினவன் சத்தமில்லாம வளைவுல திரும்பி, நேரா தும்பிக்கை முன்னால போய் நிப்பான்.

யானைகிட்ட யாரும் இதைக் கேட்டுக்கல. ஒரு தடவை என் வண்டி அத்தனை சத்தம் போட்டும் ஒரு கொம்பன் ரோட்டு நடுவுல நின்னு, ஒரு பலாப்பழம் முழுசும் தின்னு முடிச்சிட்டுத்தான் நகந்துச்சு. ஸ்டாண்டுல வந்து சொன்னேன். அதுக்குக் காது மந்தமா இருக்கும்னு முடிவு பண்ணினாங்க. நானும் ஆமான்னேன்.

என் சம்சாரம் பக்கத்து டிவிஷன்ல தேயிலைக் கொழுந்து எடுக்கறவ. காலையும் சாயங்காலமும் என் ஜீப்புலதான், பின்னால இரும்பு பெஞ்சுல உக்காந்து போவா, வருவா. "ஏங்க, ஒவ்வொரு குழிக்கும் இடுப்புல கடப்பாரையால குத்தற மாதிரி இருக்கு, அதைக் கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்"னு எட்டு வருசமாச் சொன்னா. நான் எட்டு வருசமா ஒரே பதில்தான் சொன்னேன்: "வண்டியில ஒண்ணுமில்ல, ரோடு அப்படி."

ரோட்டை நான் சும்மாவும் விடல. குழியில இறங்கி நின்னு போட்டோ எடுத்து எல்லா ஆபீசுக்கும் மனு குடுத்தேன். கடைசியில ஒரு ஃபர்லாங்குக்குத் தார் போட்டாங்க. புதுத் தார்லயும் வண்டி டமார்னுச்சு. தார்ல ஊழல்னு பேச ஆரம்பிச்சேன். அவ நச்சரிப்பு தாங்காம ஒரே ஒரு தடவை ரிப்பேரும் பார்த்தேன். வாரு அறுந்த அவ ரப்பர் செருப்பை வெட்டி, புஷ் இருந்த இடத்துல திணிச்சேன். மூணு நாள் சத்தமே இல்ல. அந்த மூணு நாளும் எனக்கு இருந்த திமிரைப் பாக்கணுமே!

போன மழை முடிஞ்ச கையோட ஒரு காலையில அவளால எந்திரிக்க முடியல. இடது கால் மரத்துப்போச்சு. முதுகுல டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துதுன்னு கோயமுத்தூர்ல ஆபரேஷன் பண்ணினாங்க. சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் வியாழக்கிழமை சொன்னார். "ஆறு வாரத்துக்கு ஒரு குலுக்கல் ஆகாது. மறுபடி நழுவுச்சுன்னா கால் திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டேன்"னார். "வீட்டுக்கு எதுல போவீங்க?"

ஆம்புலன்ஸ் கடைவீதி வரைக்கும் வரும். அதுக்கு மேல அஞ்சு கிலோமீட்டர் ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது. "ஜீப்புல"ன்னேன். அவ முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா.

அவ தங்கச்சியைத் துணைக்கு விட்டுட்டு அன்னிக்கே பஸ் ஏறிட்டேன். மறுநாள் விடிஞ்சதும் வண்டியைக் கூடலூர்ல ஒரு மலையாளத்து மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, போல்ட்டைச் சுத்தியலால அடிச்சு வெளிய எடுத்தார். உள்ள இருந்து நீலக் கலர்ல ஏதோ நைஞ்சு விழுந்துச்சு. அதை இடுக்கியில பிடிச்சு என் மூக்குக்கு நேரா காட்டி, "இது எந்தா சேட்டா?"ன்னு கேட்டார்.

"செருப்பு"ன்னேன்.

"யாருது?"

"வீட்டுக்காரிது."

அவர் அதைக் குப்பை டின்ல போட்டார். அதுக்கப்புறம் என்னோட சரியாவே பேசல.

பழைய புஷ் தேஞ்ச இடத்துல இரும்பே நீள்வட்டமாத் தேஞ்சிருந்துச்சு. மதியத்துக்கு மேல எல்லாப் புஷ்ஷும் புதுசா ஏறிடுச்சு. எனக்கு இருந்த அவசரத்துல ஸ்பானரை எடுத்து, வண்டி ஜாக்கியில தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை இறுக்கப் போனேன். "வைய்யா அதைக் கீழ!"ன்னு கத்தினார். வண்டி அந்தரத்துல இருக்கும்போது இறுக்கினா ரப்பர் அந்த நிலையிலயே பிடிச்சுக்குமாம், கீழ இறக்கினதும் முறுக்கிக் கிழியுமாம். சக்கரம் தரையில நின்னு, பாரம் அதும் மேல வந்தப்புறம்தான் இறுக்கணுமாம். இருபது வருசமா வண்டி ஓட்டறவன் நான், எனக்கு இது தெரியாது. யானையைப் பத்தி மட்டும் எல்லாம் தெரியும்.

ஸ்டாண்டுல துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டாங்க. "புஷ் மாத்திட்டியாமே? யானை நிக்கிற அந்தச் சேரங்கோடு வளைவுல என்ன பண்ணுவே?" ஒருத்தன் மட்டும், "கவலைப்படாதண்ணே, நான் முன்னால என் வண்டியில சத்தம் போட்டுக்கிட்டுப் போறேன், நீங்க பின்னால வாங்க"ன்னான். கிண்டல் பண்றானோன்னு பாத்தேன். அவன் நெசமாத்தான் சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைவீதியில ஆம்புலன்ஸ்ல இருந்து இறக்கி, அவளை என் ஜீப்பு முன்சீட்டுல ரெண்டு தலகாணி அணைகுடுத்து உக்கார வச்சோம். முன்னால அவன் ஜீப்பு டமார் டமார்னு மந்திரி ஊர்வலம் மாதிரி போச்சு. பின்னால நான் மாட்டுவண்டி வேகத்துல போனேன். கைப்பிடியை அவ இறுக்கிப் பிடிச்சிருந்தா. ஒவ்வொரு குழி வரும்போதும் கண்ணை மூடிப் பல்லைக் கடிச்சா. குழி வந்து போகும். லேசா அசைஞ்சு வண்டி நேராகிரும், அவ்வளவுதான். கண்ணைத் திறப்பா. அடுத்த குழிக்கு மறுபடி மூடுவா. பாதி தூரம் வந்தப்புறமும் அவ உடம்பு அந்த அடியை எதிர்பார்த்துக்கிட்டேதான் இருந்துச்சு. அதைப் பக்கத்துல உக்காந்து பாக்க என்னால முடியல. ரோட்டையே பாத்து ஓட்டினேன்.

பாலம் தாண்டினதும் கேட்டா, "முன்னால போகுதே, நம்ம வண்டியும் இப்படித்தான் கத்துச்சா?"

"ஆமா."

"இப்ப என்ன பண்ணீங்க?"

"புஷ் மாத்தினேன்."

"அதை மாத்த எத்தனை நாள் ஆச்சு?"

பொய் சொல்லலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. "ஒரு பகல்"னேன்.

அவ திட்டுவான்னு இருந்தேன். திட்டினா பதிலுக்கு டாக்டர் சொன்னதைச் சொல்லணும்னு மனசுல எடுத்து வச்சிருந்தேன். கொழுந்து மூட்டை தூக்கினதும் ஒரு காரணம்னு அவரே சொல்லியிருந்தார். எஸ்டேட் லயத்துல எங்க வீட்டு வாசல்ல வண்டி நின்னதும் கைப்பிடியை விட்டுட்டு, ரெண்டு காலையும் மெதுவாத் தரையில வச்சு, இடது பாதத்தை அழுத்தி அழுத்திப் பாத்தா. உணர்ச்சி இருந்துச்சு.

"ஒரு பகல்தானா"ன்னா, என்னைப் பாக்காமலே. அப்புறம் என் தோளைப் பிடிக்காம, சுவத்தைப் பிடிச்சு உள்ள நடந்தா.