கன்ட்ரோலரா கீபோர்டா என்று என்னைக் கேட்காதீர்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: விளையாட கன்ட்ரோலர் நல்லதா, கீபோர்டும் மவுஸும் நல்லதா? விளையாடத் தெரிந்தவர்களுக்குள்ளேயே இதில் சண்டை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், இதை எழுதும்போதே எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறேன். தப்பிருந்தால் தெரிந்த பிள்ளைகள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். தெரியாத பொருளைத் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விற்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

பாய் சொன்ன பாடம்

எங்கள் கடை நெய்வேலி நகரியத்து பஜாரில் இருக்கிறது. முதலாளி ஜாபர் பாய் பண்ருட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். முந்திரிக் கம்பெனியில் தோல் உரித்துக்கொண்டிருந்த என்னை ஃபேனுக்குக் கீழே, நாற்காலியில் உட்கார வைத்தவர். முதல் நாளே பாடம் நடத்தினார். "கார் ஓட்டணும், பந்து உதைக்கணும்னா கன்ட்ரோலர். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினு கட்டைவிரலால குமிழத் தள்ளுனா போதும். துப்பாக்கி சுடணும்னா கீபோர்டும் மவுஸும். குறி பாக்க மவுஸுதான் சுளுவு."

விளையாடிப் பார்க்க என்று கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டரும் வைத்தார். யாராவது தொட்டு உடைத்துவிட்டால்? அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். திரும்பி வரும் சத்தம் கேட்டால் எடுத்துவிடுவேன்.

பாடம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். அன்றிலிருந்து என் தூக்கம் பாதியாகிவிட்டது: "யக்கா, பெட்டி பிரிச்ச சாமான மொத்தக் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. மூணு பெட்டி திரும்பி வந்துச்சுன்னா நீங்க பின்னால ஸ்டாக் ரூமுக்குப் போயிடுங்க, கவுண்டருக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

லீவர் பிடித்த கை

ஸ்டாக் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. பேசுவதென்றால் அட்டைப் பெட்டியோடுதான் பேச வேண்டும். முந்திரிக் கம்பெனியில்கூடப் பக்கத்தில் வம்பு பேச ஆள் இருந்தது. அதனால் பாய் சொன்ன பாடத்தோடு நிற்காமல் என் புத்தியையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். முந்திரியில் கையைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடுவோம். விரல் கறுத்திருந்தால் உடைக்கிறவர், நகம் தேய்ந்திருந்தால் உரிக்கிறவர். இங்கேயும் கையைப் பார்த்துக் கொடுத்தால் தப்பாது என்று நினைத்தேன்.

முதலில் மாட்டியவர் ராமு அண்ணன். நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் பெரிய சக்கர மெஷினை ஓட்டுகிற ஆபரேட்டர். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து ஹெல்மெட்டோடு நேராக வந்தார். துப்பாக்கி விளையாட்டு என்றார். பாய் பாடப்படி கீபோர்டு கொடுத்திருக்க வேண்டும். நான் உள்ளங்கையைப் பார்த்தேன். லீவர் பிடித்துப் பிடித்துக் காய்த்திருந்தது. இந்தக் கைக்குக் கன்ட்ரோலர்தான் பொருந்தும் என்று அடித்துச் சொல்லி அனுப்பினேன்.

நாலாம் நாள் பெட்டி என் முன்னால் வந்து உட்கார்ந்தது. "யக்கா, எட்டு மணி நேரம் ரெண்டு கையாலயும் லீவரப் பிடிச்சுக்கினு இருக்கேன். வூட்டுக்கு வந்தும் அதையே கையில குடுத்தா, எனக்கு ஓவர்டைம் நீங்க போடுவீங்களா?"

டைப் அடித்த கை

சரி, ஒரு கைதானே ஏமாற்றியது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து வந்தவர் ஆபீஸில் முப்பது வருஷம் டைப் அடித்து ரிட்டயரான பெரியவர். பெங்களூரில் இருக்கும் பேரனோடு இன்டர்நெட்டில் பந்து விளையாட வேண்டுமாம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய பத்து விரலும் என் கவுண்டர் கண்ணாடி மேல் தாளம் போட்டன. பந்து என்றால் கன்ட்ரோலர் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் அந்த விரல்களுக்கு இரண்டு குமிழைக் கொடுப்பது பாவம் இல்லையா? லைட் எரிகிற கீபோர்டாகப் பார்த்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து வந்தவர் கோபப்படவே இல்லை. பெட்டியை அழகாக நூல் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "முப்பது வருஷமா என் இடது கை ஏ, எஸ், டி, எஃப் மேலதான் உக்காரும்மா. இந்த விளையாட்டு அத ஒரு எழுத்து தள்ளி உக்காரச் சொல்லுது. கை கேக்க மாட்டேங்குது. நேத்து நான் போட்ட கோலுக்கு எதிர் டீம்ல இருந்து என் பேரன் தேங்க்ஸ் சொல்றான்."

சத்தம் போடாதது

இரண்டு பெட்டி திரும்பிவிட்டது. மூன்றாவதில் என் விதி இருக்கிறது என்று நான் கையையே பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் கவிதா வந்தாள். புதுசாகக் கல்யாணமான பெண். குவார்ட்டர்ஸில் புருஷன் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்கும்போதுதான் இவளுக்கு விளையாட நேரம். "ரெண்டுல எது சத்தம் போடாதுக்கா?" என்று கேட்டாள். பாய் பாடத்தில் இந்தக் கேள்வியே இல்லை. கீபோர்டு கடகடவென்று அடிக்கும், அது எனக்கே தெரியும். கன்ட்ரோலரைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பெட்டியோடு படியேறி வந்தாள். அன்று பார்த்து பாயும் கடையில் இருந்தார். தண்ணீர் குடிக்க நடுவில் கன்ட்ரோலரைக் கட்டில் மேல் வைத்திருக்கிறாள். புருஷன் தூங்கும் இரும்புக் கட்டில். விளையாட்டில் ஏதோ குண்டு வெடிக்க, இந்தச் சாமான் கடகடவென்று உதறியிருக்கிறது. விளையாட்டுக்குத் தகுந்தபடி இதுவும் அதிரும் என்பது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? "மைன்ஸ்லேர்ந்து போன்னு நெனச்சுட்டாருக்கா. கண்ணத் தொறக்காமயே பேன்ட்ட மாட்டிக்கினு வாசல் வரைக்கும் போயிட்டாரு."

துண்டு

பாய் ஸ்டாக் ரூம் கதவை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அன்று அவசரத்தில் கம்ப்யூட்டர் மேலிருந்து எடுக்க மறந்திருந்த துண்டைப் பிடுங்கி எறிந்தேன். என் நாற்காலியையே இழுத்துப் போட்டு, "நீயே உக்காந்து என்னன்னு பாரும்மா" என்று கவிதாவை உட்கார வைத்தேன். அவள் கன்ட்ரோலரைச் செருகினாள், விளையாட்டுக்குள்ளே எதையோ திறந்தாள், கீழே கீழே போனாள், அதிர வைக்கிற ஒன்றை அணைத்தாள். குண்டு வெடித்தது. சாமான் பூனைக்குட்டி மாதிரி சும்மா இருந்தது. "அட, இவ்ளோதானா!" என்று பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மூச்சு விட்டேன். பாய் கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி என் கையில் கொடுத்தார். "யக்கா, இம்மாம் நாளா அதுக்குப் போத்தி வச்சிருந்தீங்களே, அதுக்கென்ன ஜொரமா?"

அடுத்த ஷிப்ட்

அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை. கையையும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டரில் இரண்டையும் செருகி வைத்திருக்கிறேன். உட்காருங்கள், இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் விளையாடுங்கள், கை எது கேட்கிறதோ அதை எடுத்துப் போங்கள். பெரியவர் வந்து கன்ட்ரோலரில் சரியான பக்கம் கோல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். லீவரே வேண்டாம் என்ற ராமு அண்ணன் போன வாரம் கார் விளையாட்டுக்கு என்று உட்கார்ந்தவர், கன்ட்ரோலரை விடவே இல்லை. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். எனக்கு முட்டி வலி எடுத்துவிட்டது.

"நீங்க உக்காரலையாக்கா?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க எந்திரிச்சாத்தானே நான் உக்கார முடியும்?" என்றேன்.

"அப்ப அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வர்ற வரைக்கும் நில்லுங்க."

மூன்றாவது பெட்டி இன்றுவரை திரும்பவில்லை, கவுண்டர் நாற்காலி எனக்குத்தான் என்று பாயும் சொல்லிவிட்டார், வருகிறவர்களையெல்லாம் அதில் உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் பத்திரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.