நாற்பது மெத்தைகளும் வராத தூக்கமும்

என் பெரியப்பா முதலில் நடத்திய சோப்புத் தொழில் மூன்றாம் ஆண்டில் மூழ்கியது. காரணத்தைப் பல மாதம் ஆராய்ந்தவர், அந்தச் சோப்பைத் தேய்த்துத் தாம் ஒருநாளும் குளித்ததில்லை என்பதே குற்றம் என்ற முடிவுக்கு வந்தார். எனவே மெத்தைப் பட்டறை தொடங்கியபோது ஒரு விதி வகுத்துக்கொண்டார்: தாம் கால் மணி நேரமாவது கண்ணயராத எந்த மெத்தையும் வாசலைத் தாண்டக் கூடாது. உறங்கி எழுந்ததும் அதன் ஓரத்தில் ஒரு துணிச்சீட்டைத் தைத்துக் கையெழுத்திடுவார்.

நாளுக்கு இரண்டு மூன்று விற்ற காலத்தில் இது சுகமான உழைப்பாகவே இருந்தது. ஐந்தாம் ஆண்டில் விற்பனை படுத்துவிட்டது. அந்த நிலையில் ஒரு மாணவர் விடுதி நாற்பது மெத்தை கேட்டது. குறித்த சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேறிடம் போய்விடுவார்கள். போனால் பட்டறைக்குப் பூட்டுத்தான். இந்தக் கவலையில் பெரியப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

தையல்காரர்கள் நால்வரும் நாற்பதையும் தைத்துக் கூரைவரை அடுக்கினார்கள். பெரியப்பா ஒவ்வொன்றாகப் படுத்து, விட்டத்தை வெறித்துவிட்டு எழுந்தார். பன்னிரண்டு நாளில் ஒரு சீட்டுகூடத் தைக்கப்படவில்லை.

"ஒரு மாத்திரை போட்டுக்கிட்டா என்னங்க?" என்றார் பெரியம்மா.

"அப்புறம் தூங்க வச்சது மாத்திரையா மெத்தையான்னு யாரு சொல்றது?"

"சும்மா கையெழுத்தைப் போடுங்க முதலாளி," என்றார் மூத்த தையல்காரர். "விடுதிப் பசங்க கேக்கவா போறாங்க?"

"சோப்புக்கும் ஒருத்தன் இப்படித்தான் சொன்னான்."

"யாரு?"

"நான்தான்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரியம்மா பட்டறைக்கு வந்து, விடுதிக்காரர்கள் மெத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டதாக அறிவித்தார். "சரி, தொலைஞ்சுது" என்று அருகிலிருந்த மெத்தையில் சாய்ந்த பெரியப்பா, அடித்துப் போட்டாற்போல் உறங்கிவிட்டார்.

கால் மணி நேரம் ஆனதும் பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். தையல்காரர்கள் ஆளுக்கொரு கையோ காலோ பிடித்து அவரை அடுத்த மெத்தைக்கு மாற்றினார்கள். மாலை ஆறு வரை இதே வேலை. முப்பதாவதைத் தவறவிட்டதாக மூத்த தையல்காரர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. பெரியம்மாவின் தாளில் நாற்பது கோடுகளும் இருக்கின்றன, நானே எண்ணினேன்.

விழித்தவரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"குறட்டை விட்டேனா?"

"எல்லாத்துலயும். ஒரு குறட்டைக்கு ஒரு கோடுன்னு குறிச்சிருக்கேன்."

"என்கிட்டயே பொய் சொல்லிட்டியே."

"உண்மையைச் சொல்லித்தான் பன்னிரண்டு நாள் பாத்தோமே."

பெரியப்பா ஊசியும் நூலும் கேட்டார். சனிக்கிழமை நண்பகலுக்குள் நாற்பதும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன.

பட்டறை அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தது. அத்தனை ஆண்டும், வந்த ஒவ்வொரு பெரிய ஆர்டரும் கைவிட்டுப் போய்விட்டதாகவே அவரிடம் தெரிவிக்கப்பட்டது. அவரும் ஒருமுறைகூடக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. "அப்படியா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.