பின்னறைக்கு எட்டிய சிக்னல்

பாவ்ஜூ அக்கா எதை வாங்கப் போனாலும் அன்று கடைக்காரருக்கு நாள் சரியில்லை என்று அர்த்தம். கத்தரிக்காயைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வைஃபை பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஜோங்ஹே தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் அந்தப் பெட்டிகளைச் சோதித்து முத்திரை குத்திய கை அவளுடையது. பக்கத்து மேசை எனக்கு. அவள் பார்த்து முடித்ததை நான் ஒருமுறை பார்த்து, இரண்டாவது முத்திரை குத்த வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பெட்டி வெளியே போகும்.

போன ஆகஸ்டில் ஒருநாள் காலையிலேயே போன் செய்தாள்.

"யூலிங், குடைய எடுத்துக்கிட்டுக் கிளம்பு. குவாங்ஹுவா சந்தைக்குப் போறோம்."

"இந்த வெயில்ல எதுக்குக்கா?"

"போஷுன் வந்திருக்கான்ல. பின்னறைக்கு சிக்னல் வரலையாம்."

போஷுன் அவளுடைய ஒரே மகன். பதினைந்து வருடம் தைசோங்கில் இருந்தவன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும், மூட்டை முடிச்சோடு சான்சோங்கில் இருக்கும் அம்மாவிடம் வந்துவிட்டான். வந்த மூன்றாம் நாளே மீட்டிங் நடுவில் படம் உறைந்து, குரல் அறுந்துபோனது. அக்காவின் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். ரூட்டர் முன்கூடத்தில் முன்னோர் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் அறை கடைசியில். "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் பாத்துக்கறேம்மா" என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னானாம். கணவர் இறந்துபோன ஆறு வருடமாக அக்கா ஒற்றைத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தட்டை எடுத்து வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கடைக்காரர் மொட்டைத் தலை, எங்கள் வயதுதான் இருக்கும். பார்த்ததும் பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

"அக்கா, இந்த மூணு பெட்டி செட்ட வாங்கிட்டுப் போங்க. மூலைக்கு ஒண்ணு வச்சா வீடே பறக்கும்."

"வீடு இருக்கற எடத்துலயே இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு ரூம்தான்."

"அப்போ இந்த ரிப்பீட்டர். ரொம்பக் கம்மி. பிளக்குல குத்தினா முடிஞ்சுது."

"அது பாதியக் கேட்டுட்டு மீதிய இன்னொருத்தர்கிட்ட சொல்ற ஜாதி. அப்படி ஒருத்தி எங்க கீழ்வீட்டுல இருக்கா, போதும்."

ரூட்டரிலிருந்து நேராக வயர் இழுத்து மாட்டுகிற ஆக்ஸஸ் பாயின்ட்தான் வேண்டும் என்றாள். மின்சாரமும் அதே வயரில் வர வேண்டும். விலை குறைந்ததாகப் பார்த்து மூன்று காட்டினார். கடையில் ஓடிக்கொண்டிருந்த அந்த மூன்றையும் கையில் எடுத்து, எடை பார்த்து, காற்று போகும் ஓட்டையில் மூக்கை வைத்தாள்.

"என்னக்கா மோந்து பாக்கறீங்க, மாம்பழமா?"

"உள்ள வெந்துக்கிட்டிருந்தா வாசனை காட்டிக்குடுத்துடும்ப்பா."

நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டாள். ஆயிரத்து அறுநூறு யுவான். மொட்டைத் தலைக்காரர் அதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பழைய கதைதான் பேசினோம். எனக்கு அந்த நாட்கள் இன்னமும் இனிக்கின்றன. எல்லார் சாப்பாட்டு டப்பாவும் ஒரே ஆவிப்பெட்டியில் சூடாகி, யார் வீட்டுக் கறி என்று தெரியாமல் மணக்கும். சோதனை மெஷின் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் இருக்கும். அது இருந்தால்தான் மெஷின் அடம்பிடிக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மெஷின் நன்றாக ஓடினால் பச்சை விளக்கு எரியும் என்பதால், பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும். மஞ்சளை வைத்துவிட்டு ஒருத்தி வாங்கிய திட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. தேதி முடிவதற்குள் புதிதை வைத்துவிட்டு, பழையதை எங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் பங்கையும் அக்காவே வாங்கிக்கொள்வாள், போஷுனுக்காக.

அவளுக்கும் அந்த நாட்கள் இனிக்கும், ஒரு நாளைத் தவிர. சோதனை அறை முழுக்கச் செப்புத் தகடு அடித்தது. வெளிச் சிக்னல் ஒரு துளி உள்ளே வராது. போன் எல்லாம் வெளியே அலமாரியில். போஷுன் ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். ஆசிரியை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். அக்கா ஆறு மணிக்கு வெளியே வந்துதான் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினால், மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளை அழவில்லை. "பொட்டலம் கொண்டாந்தியாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் சிக்னல் பாத்து அனுப்பினேன் யூலிங்," என்றாள் பஸ்ஸில்.

அன்று மத்தியானம் நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் கூரையோரமாக வயரை ஒட்டிக்கொண்டே போய், போஷுன் அறை வாசலுக்கு மேலே பெட்டியை மாட்டினாள். நீல விளக்கு எரிந்தது. அறைக்குள் போய்ப் பார்த்தால் பாதி சிக்னல்தான்.

"மொட்ட ஏமாத்திட்டான்க்கா. திருப்பிக் குடுத்துடலாம்."

"பெட்டி மேல பழி போடாத."

சுவரைத் தட்டினாள். பிறகு, அந்தச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற பீரோவைத் தட்டினாள். இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி. அவள் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. முப்பத்தைந்து வருடமாக யாரும் நகர்த்தியதில்லை.

"இவர்தான் குறுக்க நிக்கறாரு," என்றாள்.

போஷுனையும் சேர்த்து மூன்று பேரும் தள்ளி எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனோம். சிக்னல் முழுதாக வந்தது. பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாக, வெளுக்காமல் இருந்தது. அக்கா அதைத் துணியால் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை நான் போனபோது மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. அக்கா கைத்துணியோடு அவன் அறை வாசலிலேயே நின்றாள். இரண்டு மணி நேரம் ஒரு சொல்கூட அறுபடவில்லை. அப்போதுதான் மேலே பார்த்தாள். பெட்டிக்குக் கீழே, கதவுச் சட்டத்தின் மேல் ஒரு பச்சைப் பொட்டலம் நின்றது.

"நீ வச்சியா?"

"நான் இல்லக்கா."

ஸ்டூலில் ஏறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொட்டலத்தை எடுத்துத் தேதி பார்த்தாள். கதவு திறந்தது.

"என்னம்மா, டெஸ்டிங்கா?" என்றான் போஷுன்.

"தேதி பாக்கறேன். அடுத்த மே வரைக்கும் போட்டிருக்கு."

"மே வந்ததும் நான் புதுசு வச்சிடறேன். வருஷா வருஷம் அது என் வேலை. பழசு எனக்கு."

அவன் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அக்கா பொட்டலத்தை இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டு இறங்கினாள். சமையலறைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வருஷா வருஷம்னு சொன்னான். நீயும் கேட்டேல்ல?"

"கேட்டேன்க்கா," என்று இரண்டாவது முத்திரையைக் குத்தினேன்.